கச்சான் கொல்லையில் கட்டிய கம்பி

காளியாயி கச்சான் கடலை போடப் போகிறேன் என்று சொன்னபோது தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மழைக்கு உருளைக்கிழங்கே மண்ணுக்குள் அழுகிப்போகும். வெயில் குடித்து விளைகிற கச்சான் இங்கே எங்கே பிழைக்கும் என்றார்கள். அவள் வாதாடவில்லை. அட்டன் கடைவீதியில் பச்சைக் கச்சான் இரண்டு கொத்து அளந்து வாங்கி வந்து, சொத்தை பொறுக்கி, தை பிறந்து பனி விலகியதும் குழிக்கு ஒரு பருப்பாக ஊன்றினாள்.

அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. தையிலிருந்து சித்திரை முடியும்வரை அந்தப் பக்கம் மழை குறைவு. வைகாசி பாதியில் சிவனொளிபாத மலைப் பக்கமிருந்து பெருமழை கிளம்பிவிடும். அதற்குள் பிடுங்கிவிட்டால் தப்பித்தது. கொல்லையும் அதற்கேற்ற கொல்லைதான். லயத்துக்குக் கீழே, ஓடையைத் தாண்டி, காட்டை ஒட்டினாற்போல் ஒரு சிறு மேடு. ஓடை வருஷா வருஷம் கொண்டுவந்து கொட்டிய மணல் கலந்த மண். கையால் அள்ளினால் பொலபொலவென்று உதிரும்.

ஆனால் அந்த மண்ணில் ஒரு வில்லங்கம் இருந்தது. அது முன்னால் கஸ்பருடைய கொல்லை.

கஸ்பர் அதே லயத்தில் மூன்று காம்பரா வீடு தள்ளிக் குடியிருந்தவன். தேயிலைப் பேக்டரியில் ராத்திரி வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் விழுந்து மூன்று மாதம் எழுந்திருக்கவில்லை. கொல்லையில் புல் மண்டியது. தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒருநாள் அந்தப் பக்கம் வந்து பார்த்தார். "சும்மா கெடக்குற மண்ணை யாராச்சும் கொத்துங்க" என்று பொன்னையாவின் பேருக்கு மாற்றிவிட்டார். பொன்னையா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிப்பதில் சூரன். காளியாயியின் புருஷன். கேட்டு வாங்கவில்லைதான், ஆனாலும் கொடுத்ததை வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

காய்ச்சல் தெளிந்து எழுந்த கஸ்பர் லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஊரறியக் கத்தினான். "என் வேர்வை ஊறுன மண்ணு அது. அதுல வெளையறது ஒனக்கு ஒட்டாது, பாத்துக்க!"

அன்றோடு இரண்டு ஆம்பளைகளுக்கும் பேச்சு நின்றது. ஆனால் கஸ்பரின் பெண்சாதி ஜோசப்பினும் காளியாயியும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். கூடை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும்போது வாயை எத்தனை நாள் மூடி வைப்பது? "ஆம்பளைங்க சண்டை ஆம்பளைங்களோட" என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

கச்சான் பிழைத்தது. மாசியில் மஞ்சள் பூ பூத்தது. பூ வாடி, காம்பு மண்ணைப் பார்த்துக் குனிந்து விழுது இறக்கியபோது காளியாயி மண் அணைத்துவிட்டாள். சித்திரைக் கடைசியில் ஒரு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்த்தாள். ஓட்டின் உள்பக்கம் கறுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் பத்து நாள் போதும்.

அந்தப் பத்து நாளுக்குள்தான் திருட்டு தொடங்கியது.

ஒருநாள் காலையில் காட்டோரத்துக் கடைசி வரிசையில் ஆறேழு செடி வேரோடு சாய்ந்து கிடந்தது. மறுநாள் அரை வரிசை. ஓடுகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. பொன்னையா குந்தி உட்கார்ந்து அந்தக் குவியலையே பார்த்தான்.

"முள்ளம்பன்னி வேலைங்க இது. ஓட்டுல பல்லுக்காயம் இருக்கு பாருங்க" என்றாள் காளியாயி.

"முள்ளம்பன்னி ஒக்காந்து ஓடு ஒரிச்சுக் குமிச்சு வைக்குமா? மனுசன் தின்ன ஓடு இது. எந்த மனுசன்னும் எனக்குத் தெரியும்."

"வாயில வந்ததப் பேசாதீங்க."

"ஒட்டாதுன்னு சொன்னான்ல? ஒட்டாமப் பண்றான்." பொன்னையா எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். "காட்டுக்கு அந்தப் பக்கம் கிராமத்துல கிரிபண்டாகிட்ட துவக்கு இருக்கு. ஒரு நா கட்டி வச்சா எல்லாம் அடங்கிரும்."

கட்டுத் துவக்கு என்றால் என்ன என்று காளியாயிக்குத் தெரியும். நாட்டுத் துப்பாக்கியின் குழாயில் மருந்தும் ஈயமும் இடித்து, கட்டையில் கட்டி, விசையிலிருந்து மெல்லிய கம்பியைக் குறுக்கே இழுத்து விடுவார்கள். பன்றியோ மானோ இடறினால் வெடிக்கும். போன வருஷம் கிராமத்தில் விறகுக்குப் போன ஒருவன் அப்படித்தான் போய்ச் சேர்ந்தான்.

"அந்தப் பேச்சே வேணாம். கச்சான் மொத்தமும் போனாலும் போகட்டும். எம்மேல சத்தியம் பண்ணுங்க."

"சரி, விடு" என்றான் பொன்னையா. சத்தியம் பண்ணவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை சிவனொளிபாத மலைப் பக்கம் வானம் கன்றிப்போயிருந்தது. காளியாயி கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்பினாள். காய் முற்றிவிட்டது. இனி ஒரு பெருமழை விழுந்தால் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். ஆனால் மறுநாள் வேலை நாள். பீலியடியில் ஜோசப்பினிடம் சொன்னாள். ஜோசப்பினுக்கு வலது கையில் நகச்சுற்று. அந்த வாரம் முழுக்கக் கொழுந்துக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தாள்.

"நாளைக்கு இருட்டிக்கிட்டு வந்துச்சுன்னா, நீ கொஞ்சம் எறங்கிப் போயி ரெண்டு வரிசையாச்சும் புடுங்கிப் போடுறியா புள்ள? ஒனக்கும் பாதி எடுத்துக்க."

"ஒத்தக் கையால என்னாத்தப் புடுங்குறது? சரி, பாப்போம்க்கா. ஒன் வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்."

காளியாயி புருஷனிடம் அதைச் சொல்லவில்லை. பொன்னையா ஆறு மணிக்கு, "சும்மா ரோட்டுப் பக்கம் போயிட்டு வாறேன்" என்று கிளம்பினான். அவனும் எங்கே போனான் என்று சொல்லவில்லை.

மறுநாள் விடியும் முன்பே கங்காணி ஆண்டியப்பன் லயத்து வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தார். கினிகத்தேனைக்குப் போகும் வழியில் மரம் சாய்ந்து பாதை அடைபட்டுக் கிடக்கிறதாம். கத்தி கோடாலி பிடிக்கிற ஆம்பளைகள் எல்லாம் உடனே லொறியில் ஏற வேண்டுமாம். பொன்னையா, "ஒரு நிமிசம் கங்காணி, கீழ ஒரு வேலை கெடக்கு, எட்டிப் பாத்துட்டு வந்திர்றேன்" என்றான். "லொறி நிக்காதுப்பா, ஏறு" என்றார் அவர். பொன்னையா வாசலில் நின்று காளியாயியை ஒருதரம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. கங்காணி பக்கத்திலேயே நின்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய் லொறியில் ஏறினான்.

பத்து மணி இருக்கும். மேல் மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று அடியோடு நின்றுபோய், தேயிலை இலை ஒன்றுகூட அசையவில்லை. மேகம் மலைமுகட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒற்றையடிப் பாதையில் கித்துள் கருப்பட்டிப் பொட்டலங்களோடு கிரிபண்டா வந்தான். காளியாயியைக் கண்டதும் நின்றான்.

"பொன்னையா எங்கே?"

"ரோட்டு வேலைக்குப் போயிருக்காரு மாத்தியா. என்னாங்க?"

சிங்களவனான கிரிபண்டா சுற்றுமுற்றும் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "துவக்கு எனக்கு வேணும். எங்க ஊருக்குப் பொலிஸ் வர்றது சொல்றாங்க. நேத்து கட்டினதுதானே? பன்னி விழுந்திச்சா?"

காளியாயியின் கையிலிருந்த கொழுந்து கீழே சிந்தியது.

"நேத்தா? எப்ப குடுத்தீங்க?"

"பொழுது போறப்ப வந்து எடுத்துப் போனான். காலையிலே கழட்டுறது சொன்னான்."

காலையில் கழற்றவில்லை. கழற்ற நேரமில்லை. அவள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து எங்கோ தூரத்தில் முதல் இடி உருண்டது. இருட்டிக்கொண்டு வந்தால் போய்ப் பிடுங்கு என்று அவள்தான் சொல்லியிருந்தாள். தன் வாயாலேயே சொல்லியிருந்தாள்.

கூடையைக் கழற்றி அப்படியே செடிமேல் வைத்துவிட்டு நிரையை விட்டு வெளியே வந்தாள்.

"ஏய் காளியாயி! எங்க போற?" ஆண்டியப்பன் மேலேயிருந்து கத்தினார். "கொழுந்து நிறுக்க இன்னும் நேரம் கெடக்கு!"

"கங்காணி, லயத்துக்குப் போகணும். அவசரம்."

"என்னா அவசரம்? சொல்லிட்டுப் போ."

என்ன சொல்வாள்? துவக்கு என்ற சொல் வாயிலிருந்து விழுந்தால் அது கண்டாக்கையாவின் காதுக்குப் போகும், அங்கிருந்து தோட்டத் துரைக்குப் போகும், பிறகு பொலிஸுக்குப் போகும். புருஷனுக்கு விலங்கு. வேலையை விட்டு நிறுத்திப் பத்துச்சீட்டுக் கொடுத்து, லயத்தை விட்டே துரத்திவிடுவார்கள். சொல்லாமல் ஓடினால் ஒரு உயிர் பிழைக்கலாம். நின்று விளக்கிக்கொண்டிருந்தால் அதுவும் போய்விடும்.

"வயித்துவலி கங்காணி."

"வயித்துவலிக்காரி இப்பிடியா ஓடுவா? ஒன் பேர வெட்டிருவேன்!"

"வெட்டிக்கங்க!"

வண்டிப் பாதையில் சுற்றிப் போனால் அரை மணி நேரம் ஆகும். காளியாயி செங்குத்தாகத் தேயிலைக்குள் இறங்கினாள். இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கு செடிகளில் மாட்டி இழுத்தது. அவிழ்த்து எறிந்தாள். கவ்வாத்து வெட்டிய குச்சிகள் காலைக் கிழித்தன. மழைத் தண்ணீர் ஓட வெட்டியிருந்த கான் ஒன்றைத் தாவும்போது கால் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்தாள். முழங்கை உரிந்தது. எழுந்து ஓடினாள். இப்போது வெடிச்சத்தம் கேட்கும், இதோ கேட்கும் என்று காது கீழேயே கிடந்தது. 'முருகா, அவளுக்கு நகச்சுற்று வலிக்கட்டும். வலி தாங்காம வீட்டுலேயே படுத்துக் கெடக்கட்டும்.' ஓடுகிற ஓட்டத்தில் இப்படி ஒரு வேண்டுதல்.

ஓடைக்கரைக்கு வந்தபோது மழை பிடித்துவிட்டது.

ஜோசப்பின் வந்திருந்தாள். கூடவே கஸ்பரும் வந்திருந்தான். பெண்சாதியின் ஒற்றைக் கைக்குத் துணையாக, ராத்திரி வேலை முடித்துவந்த தூக்கக் கலக்கத்தோடு, தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, குனிந்து இரண்டு கையாலும் செடியைப் பிடுங்கி மண் உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். ஜோசப்பின் இடது கையால் பொறுக்கிக் குவித்தாள். பாதிக் கொல்லைக்கு மேல் முடிந்திருந்தது. கஸ்பர் காட்டோரத்தைப் பார்த்து வரிசை வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தான். அவனுக்கும் அரையும் குறையுமாய் நின்ற அந்தக் கடைசி வரிசைக்கும் நடுவில் நான்கே வரிசைகள்.

"நில்லுங்க! கஸ்பரண்ணே, நில்லுங்க!"

ஓடை இரைச்சலும் மழை இரைச்சலும் அவள் குரலை விழுங்கின. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். ஜோசப்பின் நிமிர்ந்து பார்த்தாள். மழை வருகிறது, சீக்கிரம் ஆகட்டும் என்று சொல்வதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையை ஆட்டினாள். கஸ்பரிடம் ஏதோ சொன்னாள். கஸ்பர் இன்னும் வேகமாகப் பிடுங்கத் தொடங்கினான்.

மூன்று வரிசை. பிறகு இரண்டு.

ஓடையைக் கடந்து போக நேரமில்லை. காளியாயி குனிந்து, உள்ளங்கையளவு கூழாங்கல் ஒன்றை எடுத்தாள். பலம்கொண்ட மட்டும் எறிந்தாள். அது செடிக்குள் விழுந்தது. அவன் பார்க்கவில்லை. இரண்டாவது கல்லை எடுத்தாள். பெரிய கல். அது கஸ்பரின் தோள்பட்டையில் போய் விழுந்தது.

கஸ்பர் "ஐயோ!" என்று தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். முகம் கறுத்துவிட்டது. "வேலையும் பாத்து அடியும் வாங்கணுமா?" என்று கத்தியபடி அவளை நோக்கி நடந்தான். காட்டுக்கு முதுகைக் காட்டி, ஓடையை நோக்கி. அது போதும் காளியாயிக்கு. தண்ணீருக்குள் இறங்கி, விழுந்து எழுந்து, அவன் முன்னால் வந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க போகாதீங்கண்ணே. துவக்கு கட்டியிருக்கு."

கஸ்பருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிலுவை போட்டுக்கொண்டான்.

கஸ்பர் ஒரு நீளக் கழியை எடுத்துக்கொண்டு, அடி அடியாகக் காலைத் தரையில் தேய்த்துப் போனான். கடைசி வரிசைக்கு இந்தப் பக்கம் நின்றான். மழைத்துளி கோர்த்து நின்றதால் கம்பி கண்ணுக்குத் தெரிந்தது. கொய்யா மரத்தடிக் கட்டையில் துவக்கு இருந்தது. பிறகு தன் காலைக் குனிந்து பார்த்தான். கம்பியைப் பார்த்தான்.

"தங்கச்சி, இங்க வா. பயப்படாத, என் பின்னால நில்லு. இது எதுக்குக் கட்டுன துவக்கு?"

"முள்ளம்பன்னிக்கு..." என்று தொடங்கினாள்.

"முள்ளம்பன்னிக்குன்னா கணுக்கால் உசரத்துல கட்டணும். காட்டுப்பன்னிக்குன்னா ஒரு முழம். இந்தக் கம்பி எங்க நிக்குதுன்னு பாரு."

அது அவன் முழங்காலுக்கு மேலே, தொடைக்கு நேராக நின்றது. கச்சானைத் தோண்டித் தின்ன வருகிற மிருகம் எதுவும் அவ்வளவு உயரத்தில் நடப்பதில்லை. காளியாயி அதைப் பார்த்தாள். பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. அவருக்குக் கட்டத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஜோசப்பின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியாதுண்ணே. கட்ட வேணாம்னு சொன்னேன். இப்பத்தான் தெரியும்... ஒங்களுக்குத்தான் கட்டியிருக்காரு."

ஜோசப்பின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கஸ்பர் இருவரையும் மேட்டுக்கு அப்பால் படுக்கச் சொன்னான். தானும் படுத்துக்கொண்டு, கழியை நீட்டிக் கம்பியை அழுத்தினான். வெடிச்சத்தத்தில் காடே அதிர்ந்தது. கடைசி வரிசையில் நின்ற செடிகள் துண்டுதுண்டாகப் பறந்தன. இடிச்சத்தத்தோடு சத்தமாய் அது போய்விட்டது. லயத்தில் யாரும் வெளியே வரவில்லை.

கஸ்பர் துவக்கை அவிழ்த்துச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "அவன் வந்து என்கிட்ட கேட்டு வாங்கிக்கட்டும்" என்றான். ஜோசப்பினின் தோளைப் பிடித்துத் தூக்கிக் கூட்டிக்கொண்டு போனான். ஜோசப்பின் திரும்பிப் பார்க்கவில்லை.

காளியாயி தனியாக நின்றாள். பிறகு மிச்சமிருந்த செடிகளைப் பிடுங்கத் தொடங்கினாள். ஏன் பிடுங்குகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பொன்னையா நான்கு மணிக்கு வந்தான். வீட்டுக்கு வருவதற்கு முன் கொல்லைக்குத்தான் போயிருந்தான் என்று காலில் ஒட்டியிருந்த மணலே சொன்னது. வெறும் கொல்லையையும் வெறும் கட்டையையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். முகத்தில் ரத்தமில்லை. காளியாயி அடுப்பங்கரையில் உட்கார்ந்து செடியிலிருந்து காயைப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு... யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. "நேத்து ஜோசப்பின நான்தான் போகச் சொன்னேன். கஸ்பரண்ணன் தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு வந்து நம்ம கச்சானப் புடுங்கிப் போட்டாரு. கம்பிக்கு ரெண்டு வரிசை முன்னால நிறுத்துனேன்."

பொன்னையா சுவரில் சாய்ந்தான்.

"அவங்க ரெண்டு பேரும் வரலைன்னு வைங்க. மழையக் கண்டதும் கங்காணிகிட்டக் கெஞ்சிக்கிட்டு நான்தான் எறங்கி ஓடியிருப்பேன். அந்தக் கம்பி எனக்கு எங்க பட்டிருக்கும்னு நெனைச்சுப் பாத்தீங்களா? நான் ஒங்களவு உசரம் இல்ல."

அவன் "துவக்கு எங்க?" என்றான்.

"போயிக் கேளுங்க. மூணாவது காம்பரா."

பொன்னையா போனான். காளியாயி பின்னாலேயே போனாள். கஸ்பர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். தோளில் ஜோசப்பின் பற்றுப் போட்டிருந்தாள். லயத்துச் சுவருக்குக் காது உண்டு. அதனால் இரண்டு பேரும் மெதுவாகத்தான் பேசினார்கள். அது கத்திப் பேசுவதைவிட மோசமாக இருந்தது.

"எதுக்குக் குறி வச்ச?"

"காலுக்குத்தாண்ணே. கொல்லணும்னு இல்ல."

"காலு இல்லாதவனுக்கு எந்தப் பேக்டரில வேலை குடுக்குறாங்க? காலு இல்லாதவன் பொண்டாட்டிக்கு எந்த லயத்துல காம்பரா குடுக்குறாங்க? கொன்னுருந்தா ஒரு நாளோட போயிருக்கும்டா."

பொன்னையா தலையை நிமிர்த்தவில்லை. "பொலிஸுக்குப் போறதுன்னா போங்க. நான் மறுக்க மாட்டேன்."

"போயிருப்பேன். ஒன் பொண்டாட்டி கல்லெடுத்து எறிஞ்சா பாரு, அதுக்காகப் போகல. ஒனக்காக இல்ல." கஸ்பர் எழுந்தான். "ஒன் கச்சான்ல ஒண்ணுகூட நான் தொட்டதில்ல. இனிமே என் மொகத்தப் பாத்துப் பேசாத." கதவு சாத்தப்பட்டது.

துவக்கை மறுநாள் கஸ்பரே காட்டு வழியாகக் கொண்டுபோய்க் கிரிபண்டாவிடம் கொடுத்துவிட்டு வந்தான். பொன்னையா அந்த வாரமே காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் கண்டாக்கையா முன்னால் நின்று, அந்தக் கொல்லை தனக்கு வேண்டாம், கஸ்பருக்கே கொடுத்துவிடுங்கள் என்றான். கஸ்பரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். காரணம் புரியாத கண்டாக்கையா இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனார்.

பாதிக் கச்சானை ஒரு சாக்கில் கட்டிக் காளியாயி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜோசப்பின் வாங்கி உள்ளே வைத்தாள். பேசவில்லை. நகச்சுற்று ஆறிக் கொழுந்துக்கு வந்த பிறகும் பழையபடி பக்கத்து நிரையில்தான் நின்றாள். அப்போதும் பேசவில்லை. காளியாயியும் வலியப் போய்ப் பேசவில்லை. என்ன சொல்லிப் பேசுவது?

ஆனி மாதம், விடாத மழையில், இருவரும் குனிந்து கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தபோது ஜோசப்பின் திடீரென்று கேட்டாள். "கல்லெறிஞ்சியே, கை நடுங்கலையாக்கா ஒனக்கு?"

"நடுங்குச்சு."

"தலையில பட்டிருந்தா?"

"பட்டிருந்தா மண்டை ஒடைஞ்சிருக்கும். ஒடைஞ்சாலும் பரவால்லைன்னுதான் எறிஞ்சேன்."

ஜோசப்பின் தன் கூடையிலிருந்த, கங்காணி கண்டால் ஏசுகிற முற்றிலையை இரண்டு கை அள்ளி வெளியே எறிந்துவிட்டு, "கங்காணி வர்றாரு, கைய வேகமாப் போடு" என்றாள்.

ஆம்பளைகள் இரண்டு பேரும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை. அந்தக் கொல்லையை அடுத்த வருஷம் கீழ் லயத்துக்காரன் ஒருவன் கண்டாக்கையாவிடம் கேட்டு வாங்கிக் கீரை போட்டான்.